திரைவாசிப்பானோடு ஸ்மார்ட்போன்: விரல் சைகைகளை எந்த வரிசையில் பழகுவது

திரையில் உள்ளதைப் பார்வையற்றவர்களுக்குக் குரலில் சொல்லும் மென்பொருள்தான் திரைவாசிப்பான். அதன் சைகைகளின் பட்டியல் எங்கு தேடினாலும் கிடைக்கிறது. அந்தப் பட்டியலை வரிவரியாக மனப்பாடம் செய்தவர்கள் மூன்றாம் நாளே போனை ஓரமாக வைத்துவிடுவதையும் நான் பலமுறை பார்த்துவிட்டேன். அவர்களுக்குச் சைகைகள் தெரியாமல் இல்லை. உள்ளே போகக் கற்றுக்கொண்டவர்கள் வெளியே வரக் கற்றுக்கொள்ளவில்லை. எங்கோ ஒரு திரையில் மாட்டிக்கொண்டு, போன் விடாமல் பேசிக்கொண்டே இருக்க, பதறிப்போனார்கள்.

அதனால் இந்த வழிகாட்டியில் வரிசை கொஞ்சம் மாறியிருக்கும். நிறுத்துவதும் திரும்பி வருவதும் முதலில், மற்றதெல்லாம் பிறகு. ஆண்ட்ராய்டில் உள்ள டாக்பேக், ஐபோனில் உள்ள வாய்ஸ்ஓவர் என்ற திரைவாசிப்பான்கள் இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். உங்கள் போனுக்கு உரியதை மட்டும் பழகுங்கள். இரண்டையும் ஒரே வாரத்தில் கலந்து கற்றால் விரல் குழம்பும்.

1. தொடங்கும் முன் செய்துகொள்ள வேண்டியவை

முதலில் குரல். ஆண்ட்ராய்டு அமைப்புகளில் உரையைப் பேச்சாக மாற்றும் பகுதிக்குப் போய், தமிழ்க் குரலுக்கான தரவைப் போனிலேயே பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இணையம் இல்லாத இடத்திலும் அப்போதுதான் குரல் மாறாமல் வரும். ஐபோனில் வாய்ஸ்ஓவர் அமைப்புக்குள் பேச்சு என்ற பகுதியில் குரலைத் தேர்ந்தெடுக்கலாம்.

பேச்சின் வேகத்தைக் குறைத்து வையுங்கள். அனுபவசாலிகள் கேட்கும் வேகத்தைப் பார்த்து மிரள வேண்டாம். ஒரு மாதத்தில் நீங்களே கூட்டிக்கொள்வீர்கள்.

திரை தானாக அணையும் நேரம் 30 வினாடி என்று இருந்தால் அதை 2 நிமிடமாவது ஆக்குங்கள். புதியவர் ஒரு சைகையைச் செய்துவிட்டு, கேட்டதை யோசித்து, அடுத்ததை நினைவுக்குக் கொண்டுவருவதற்குள் திரை பூட்டிக்கொள்ளும். மறுபடி திறந்தால் நின்ற இடம் போயிருக்கும். கற்பவர் இதைத் தன் தவறு என்று எண்ணிக்கொள்கிறார்; தவறு இந்த அமைப்பில்தான் இருக்கிறது.

பூட்டுக்குப் புள்ளிகளை இணைக்கும் கோலம் வேண்டாம். எண் கடவுக்குறியீடோ கைரேகையோ வைத்துக்கொள்ளுங்கள். திரைவாசிப்பான் இயங்கும்போது கோலத்தைப் பிசகாமல் வரைவது தேர்ந்தவருக்கே தொல்லை.

பயிற்சி நேரத்தில் தொந்தரவு செய்யாதே என்ற அமைப்பை இயக்கிவிடுங்கள். பாதி வாசிப்பில் ஒரு குறுஞ்செய்தி குறுக்கே பேசினால், எது உங்கள் சைகைக்கு வந்த பதில், எது வெளியிலிருந்து வந்தது என்று பிரித்தறிய முடியாது.

கடைசியாக, கையைத் துடைத்துக்கொண்டு போனை மேசைமேல் வையுங்கள். முதல் சில நாட்களுக்குப் போனைக் கையில் பிடிக்கவே வேண்டாம் என்பேன். பிடித்திருக்கும் கையின் கட்டைவிரல் திரையின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டே இருக்கும். போன் அதையும் ஒரு விரலாக எண்ணிக்கொள்ளும். நீங்கள் ஒரு விரலால் செய்தது இரண்டு விரல் சைகையாகிவிடும். சைகைகள் வேலை செய்யவில்லை என்று என்னிடம் போனை நீட்டியவர்கள் பலரிடம் நான் கண்டது இந்தக் கட்டைவிரலைத்தான்.

2. இயக்குதல், அணைத்தல்

ஆண்ட்ராய்டில் அமைப்புகள், அணுகல்தன்மை, டாக்பேக் என்ற வழியில் போக வேண்டும். அங்கேயே குறுக்குவழியையும் இயக்கிவிடுங்கள்: ஒலியளவுப் பொத்தான்கள் இரண்டையும் சேர்த்து 3 வினாடி அழுத்திப் பிடித்தால் டாக்பேக் இயங்கும், மறுபடி பிடித்தால் அணையும். முதல் முறை உறுதிப்படுத்தச் சொல்லிக் கேட்கலாம்.

ஐபோனில் அமைப்புகள், அணுகல்தன்மை, வாய்ஸ்ஓவர். அணுகல்தன்மைப் பகுதியின் அடியில் உள்ள குறுக்குவழியில் வாய்ஸ்ஓவரைச் சேர்த்துவிட்டால், பக்கவாட்டுப் பொத்தானை மூன்று முறை அழுத்தினால் போதும். முகப்புப் பொத்தான் உள்ள பழைய ஐபோனில் அந்தப் பொத்தானை மூன்று முறை அழுத்த வேண்டும். ஐபோனின் குரல் உதவியாளரான சிரியிடம் சொல்லியும் இயக்கலாம்.

குறுக்குவழியை அமைத்த கையோடு ஐந்து முறை இயக்கி, ஐந்து முறை அணைத்துப் பாருங்கள். வீட்டில் பார்வையுள்ளவர்கள் அதே போனைத் தொடுவார்கள் என்றால் அவர்களுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள். தற்செயலாக டாக்பேக் இயங்கிவிட்ட போனை, பழுதாகிவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போனவர்கள் உண்டு.

3. விரலுக்கு மூன்று வேலைகள்

தடவுதல், சுண்டுதல், தட்டுதல். இந்த மூன்றும் விரலில் தனித்தனியாகப் பிரிந்துவிட்டால் மற்றவை எளிது. பெரும்பாலான தடுமாற்றம் ஒன்று மற்றொன்றாக மாறிப்போவதால் வருகிறது.

தடவுதல் என்றால் ஒரு விரலைத் திரையில் வைத்து, எடுக்காமல், மெல்ல நகர்த்துவது. விரலுக்கு அடியில் என்ன வருகிறதோ அதைப் போன் சொல்லும். எழுதும் விசைப்பலகையைத் தவிர (அது ஒன்பதாம் பகுதியில்), எங்கும் எதுவும் திறக்காது, எதுவும் அழியாது. பயமில்லாமல் தடவலாம்.

சுண்டுதல் என்றால் விரலைத் திரையில் பட்டும் படாமலும் வைத்துச் சட்டென்று ஒரு திசையில் தள்ளி எடுத்துவிடுவது. சட்டையில் ஒட்டிய தூசியைத் தட்டிவிடும் வேகம் வேண்டும். வலப்பக்கம் சுண்டினால் அடுத்த பொருள், இடப்பக்கம் சுண்டினால் முந்தைய பொருள். தூரம் முக்கியமில்லை, வேகம்தான் முக்கியம். புதியவர்கள் மெதுவாகவும் நீளமாகவும் இழுப்பார்கள். போன் அதைத் தடவுதல் என்று எடுத்துக்கொண்டு, வழியில் வந்ததையெல்லாம் சொல்லத் தொடங்கும்.

தட்டுதல் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் திரைவாசிப்பான் இயங்கும்போது ஒருமுறை தட்டினால் பெயர் மட்டும் கேட்கும். திறக்க இருமுறை தட்ட வேண்டும். இதைப் பற்றி ஐந்தாம் பகுதியில்.

இந்த மூன்றையும் பழகக் கணிப்பான் செயலியைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். பொத்தான்கள் கட்டம் கட்டமாக, அசையாமல் இருக்கும். எதைத் தட்டினாலும் யாருக்கும் அழைப்பு போகாது, பணம் போகாது. ஐந்திலிருந்து மேலே தடவினால் எட்டு வர வேண்டும், கீழே தடவினால் இரண்டு. பத்து நிமிடத்தில் திரையின் அளவு விரலுக்குப் பிடிபட்டுவிடும்.

சைகைகளை ஆபத்தில்லாமல் சோதிக்க இரண்டு போனிலும் தனி இடமே இருக்கிறது. ஐபோனில் நான்கு விரல்களால் இருமுறை தட்டினால் வாய்ஸ்ஓவர் பயிற்சித் திரை வரும். நீங்கள் செய்த சைகையின் பெயரை அது சொல்லும். டாக்பேக்கின் அமைப்புக்குள் பயிற்சிப் பாடம் இருக்கிறது.

4. நிறுத்தவும் திரும்பவும் முதலில் பழகுங்கள்

பேச்சை நிறுத்த இரண்டு விரல்களால் ஒருமுறை தட்டுங்கள். இரண்டு போனிலும் இதுதான். மறுபடி தட்டினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். அமைதியான ஓர் அறையில் முழுச் செய்தியையும் போன் உரக்கப் படிக்கத் தொடங்கியபோது, அதை எப்படி வாயடைப்பது என்று தெரியாமல் தலையணைக்கு அடியில் திணித்தவன் நான். இந்த ஒரு சைகை அன்று தெரிந்திருந்தால் போதும்.

முந்தைய திரைக்குப் போக, டாக்பேக்கில் ஒரு விரலைக் கீழே இழுத்து, எடுக்காமலே இடப்பக்கம் திருப்புங்கள். ஐபோனில் இரண்டு விரல்களைத் திரையில் வைத்து இடமும் வலமுமாக மூன்று முறை தேய்க்க வேண்டும். எழுத்துப் பிழையை ரப்பரால் அழிப்பது போன்ற அசைவு.

முகப்புத் திரைக்குப் போக, டாக்பேக்கில் மேலே இழுத்து இடப்பக்கம் திருப்புங்கள். முகப்புப் பொத்தான் இல்லாத ஐபோனில் திரையின் அடிவிளிம்பில் ஒரு விரலை வைத்து மெல்ல மேலே கொண்டுவாருங்கள். முதல் அதிர்வு தெரிந்ததும் விரலை எடுத்துவிடுங்கள். எடுக்காமல் இன்னும் மேலே போனால் இரண்டாவது அதிர்வு வரும். அது திறந்திருக்கும் செயலிகளின் பட்டியல்.

டாக்பேக்கின் இந்த மடக்குச் சைகைகளில் இரண்டு பிழைகள் வழக்கமானவை. ஒன்று, திரும்பும் இடத்தில் விரலை எடுத்துவிடுவது. அப்போது போன் இரண்டு தனித்தனிச் சுண்டல்களாகக் கேட்டுக்கொள்ளும். மற்றொன்று, மூலையை வளைவாக ஓட்டுவது. கூர்மையாக, ல வடிவில் அல்ல, தச்சரின் மூலைமட்டம் போலச் செங்கோணத்தில் மடக்குங்கள். நிதானமாகச் செய்ய வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். நிதானம்தான் இங்கே எதிரி. ஒரே மூச்சில் முடிந்துவிட வேண்டும்.

பயிற்சி இது: வேண்டுமென்றே தொலைந்துபோங்கள். ஏதேனும் ஒரு செயலிக்குள் போய், இரண்டு மூன்று திரைகள் உள்ளே இறங்கி, பேச்சை நிறுத்தி, ஒவ்வொரு திரையாகத் திரும்பி முகப்புக்கு வாருங்கள். யோசிக்காமல் வரும் வரை அடுத்த பகுதிக்குப் போகாதீர்கள். எங்கே மாட்டினாலும் மூன்று அசைவில் வீடு வந்துவிடலாம் என்ற தைரியம் வந்தவர்தான் புதிய இடங்களைத் துணிந்து தடவிப் பார்ப்பார்.

5. இருமுறை தட்டுவது எங்கே?

எங்கு வேண்டுமானாலும். இதை நம்பவைப்பதுதான் கற்பித்தலில் எனக்குக் கடினமான வேலை.

திரைவாசிப்பான் கடைசியாகப் பெயர் சொன்ன பொருள் எதுவோ, அதன்மேல் ஒரு சட்டகம் நிற்கும். இதை ஃபோகஸ் என்பார்கள். நீங்கள் இருமுறை தட்டும்போது போன் விரல் பட்ட இடத்தைப் பார்ப்பதில்லை. ஃபோகஸ் நிற்கும் பொருளைத்தான் இயக்குகிறது. பொருள் திரையின் மேல் மூலையில் இருக்கலாம், நீங்கள் நடுவில் தட்டலாம். திறக்கும்.

பார்வை இருந்த காலத்தில் தொடுதிரை பழகியவர்கள்தான் இதில் அதிகம் தடுமாறுவார்கள். பெயர் கேட்டதும் அதே புள்ளியைத் தேடிப்பிடித்து, கவனமாக, மெதுவாக இரண்டு முறை தட்டுவார்கள். மெதுவாகத் தட்டினால் அது இரண்டு ஒற்றைத் தட்டுகளாகிவிடும். விரல் ஒரு நூலிழை விலகினாலும் ஃபோகஸ் பக்கத்துப் பொருளுக்குத் தாவிவிடும். அப்புறம் கேட்காத செயலி ஒன்று திறக்கும்.

மருந்து எளிது. பெயர் கேட்டதும் விரலை எடுத்துவிடுங்கள். திரையின் நடுவில், வேகமாக, லேசாக இரண்டு தட்டு. இரண்டு தட்டுக்கும் இடையே ஐபோன் தரும் அவகாசம் வழக்கமாக 0.25 வினாடி. விரல் அவ்வளவு விரைவாக வராது என்றால் வாய்ஸ்ஓவர் அமைப்புக்குள் இந்த நேரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். வயதானவர்களுக்குக் கற்பிக்கும்போது நான் முதலில் மாற்றும் அமைப்பு இது.

அழுத்திப் பிடிக்க வேண்டிய இடங்களில், இருமுறை தட்டி, இரண்டாவது தட்டில் விரலை எடுக்காமல் வைத்திருங்கள்.

6. சுண்டலும் தடவலும் சேர்ந்து

இடம் வலமாகச் சுண்டிப் போவதில் ஓர் உத்தரவாதம் இருக்கிறது. திரையில் உள்ள பொருட்கள் வரிசையாக வரும், எதுவும் தப்பாது. தெரியாத திரைக்கு முதல்முறை போகும்போது மேலிருந்து சுண்டிக்கொண்டே போவதுதான் சரி.

அந்தப் பழக்கத்திலேயே நின்றுவிடுவதுதான் சிக்கல். அடியில் இருக்கும் ஒரு பொத்தானுக்காக நாற்பது முறை சுண்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு செயலியை நான்கைந்து முறை பயன்படுத்தியதும் அதன் அமைப்பை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பும் பொத்தான் பெரும்பாலும் மேலே இடப்பக்க மூலையில். பகுதிகளுக்கான தாவல்கள் பல செயலிகளில் அடிவரிசையில். புதிய செய்தி எழுதும் பொத்தான் பெரும்பாலும் கீழே வலப்பக்கம். அந்த இடத்தில் நேராக விரலை வைத்து, கிடைத்த பொருளிலிருந்து ஒன்றிரண்டு சுண்டல் சுண்டினால் போய்ச் சேர்ந்துவிடலாம். தடவல் ஊருக்குப் போகும் பஸ் என்றால், சுண்டல் அங்கிருந்து வீட்டுக்கு நடப்பது.

ஐபோனில் நான்கு விரல்களால் திரையின் மேற்பாதியில் தட்டினால் முதல் பொருளுக்கும், கீழ்ப்பாதியில் தட்டினால் கடைசிப் பொருளுக்கும் தாவலாம்.

பொருளின் பெயரோடு அதன் வகையையும் காதில் வாங்குங்கள். பொத்தான், இணைப்பு, தேர்வுப்பெட்டி, தலைப்பு, திருத்தும் பெட்டி என்று பெயருக்குப் பின்னால் வரும் சொல்தான் அடுத்து என்ன செய்யலாம் என்பதைச் சொல்கிறது. புதியவர்கள் பெயர் கேட்டதும் அவசரப்பட்டுச் சுண்டிவிடுவதால் பின்பாதி காதில் விழுவதே இல்லை.

7. திரையை உருட்டுதல்

டாக்பேக்கில் இரண்டு விரல், வாய்ஸ்ஓவரில் மூன்று விரல். கீழே உள்ளதைப் பார்க்க விரல்களை மேல்நோக்கித் தள்ள வேண்டும். காகிதத்தை மேலே தள்ளினால் அடிப்பகுதி கண்ணுக்கு வருமே, அதே கணக்கு.

விரல்களை ஒட்டி வைத்தால் சில சமயம் போன் அவற்றை ஒரே விரலாக எண்ணும். சற்று விரித்து, ஒரே நேரத்தில் படும்படி வையுங்கள். ஒரு விரல் முன்னும் ஒன்று பின்னுமாகப் பட்டாலும் சைகை கெடும்.

உருட்டியபின், பட்டியல் நீளமாக இருந்தால், எத்தனையில் எந்த வரிசைகள் திரையில் இருக்கின்றன என்று போன் பெரும்பாலும் சொல்லும். அதைக் கேட்காமல் மறுபடி மறுபடி உருட்டினால் தேடியது கடந்து போய்விடும். இரண்டு விரல் சரிவர வராதவர்கள் டாக்பேக்கில் ஒரு விரலை வலப்பக்கம் இழுத்து உடனே இடப்பக்கம் திருப்பினால் ஒரு பக்கம் முன்னே நகரும். இடப்பக்கம் இழுத்து வலப்பக்கம் திருப்பினால் பின்னே.

8. வாசிப்புக் கட்டுப்பாடும் ரோட்டரும்

பலர் இந்தப் பகுதிக்கு வந்து சேர்வதே இல்லை. திரைவாசிப்பானை மெதுவானது என்று குறை சொல்பவர்கள் பெரும்பாலும் இதைத் தொடாதவர்கள்தாம்.

ஒரு விரலால் மேலே அல்லது கீழே சுண்டினால் என்ன நடக்க வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்யலாம். எழுத்து எழுத்தாகவா, சொல் சொல்லாகவா, வரி வரியாகவா, தலைப்பிலிருந்து தலைப்புக்கா, இணைப்பிலிருந்து இணைப்புக்கா? டாக்பேக்கில் மூன்று விரல்களால் இடமோ வலமோ சுண்டினால் இந்தத் தேர்வுகள் ஒவ்வொன்றாக வரும். பல விரல் சைகைகள் ஆண்ட்ராய்டு 11 முதல்தான் இருக்கின்றன. அதற்கு முந்தைய போனில் ஒரு விரலை மேலே இழுத்துக் கீழே திருப்பியோ, கீழே இழுத்து மேலே திருப்பியோ தேர்வை மாற்றலாம்.

ஐபோனில் இதற்கு ரோட்டர் என்று பெயர். இரண்டு விரல்களைத் திரையில் வைத்து, பாட்டில் மூடியைத் திருகுவதுபோலத் திருப்ப வேண்டும். ஒரே கையின் இரண்டு விரல்களால் வராவிட்டால், இரண்டு கையிலிருந்தும் ஒவ்வொரு விரலை வைத்துச் சுழற்றுங்கள். போன் மேசைமேல் இருந்தால் இது உடனே வரும். மணிக்கட்டு முறுகும்வரை சுழற்ற வேண்டியதில்லை. சிறிய திருப்பத்திலேயே அடுத்த தேர்வு கேட்கும்.

எதற்கு எது என்பதைப் பழக்கத்தில் சொல்கிறேன். இணையப் பக்கம் திறந்தவுடன் தலைப்புகள் என்ற தேர்வுக்குப் போய்க் கீழே சுண்டுங்கள். மேலே உள்ள பட்டிகள், விளம்பரங்கள், சின்னங்கள் எல்லாவற்றையும் தாண்டி நேராகச் செய்தியின் தலைப்பில் போய் நிற்பீர்கள். படிவம் நிரப்பும்போது கட்டுப்பாடுகள் என்ற தேர்வு.

குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறைக் கடவு எண்ணுக்கு எழுத்துகள் என்ற தேர்வு. சில குரல்கள் ஆறு இலக்க எண்ணை லட்சக்கணக்கில் ஒரே தொகையாகப் படித்துவிடும். எழுத்தெழுத்தாகச் சுண்டிக் கேட்டால் ஒவ்வோர் இலக்கமும் தனியாக வரும். அந்த எண்ணுக்குக் காலக்கெடு இருப்பதால், இந்தத் தேர்வை மாற்றும் வேகம் கைவந்தபின் பணப் பரிமாற்றச் செயலிகளைத் தொடுவது நல்லது.

பேச்சின் வேகமும் இதே இடத்தில் கிடைக்கும். அமைப்புகளுக்குள் போகாமல், படித்துக்கொண்டிருக்கும்போதே கூட்டலாம், குறைக்கலாம். பட்டியலில் வேண்டாதவை அதிகம் இருந்தால் அமைப்புக்குள் போய் நீக்கிவிடுங்கள். நான் ஆறு மட்டும் வைத்திருக்கிறேன்.

வழக்கமான குழப்பம் ஒன்று: எழுத்துகள் என்ற தேர்வில் விட்டுவிட்டு மறந்துபோவது. மறுநாள் கீழே சுண்டினால் ஒற்றை எழுத்து மட்டும் கேட்கும். போனில் பழுதில்லை, தேர்வை மாற்றுங்கள்.

டாக்பேக்கில் இன்னொரு கதவும் இருக்கிறது: மூன்று விரல்களால் ஒருமுறை தட்டினால் டாக்பேக் பட்டி திறக்கும். ஒரு விரலைக் கீழே இழுத்து வலப்பக்கம் திருப்பியும் திறக்கலாம். சைகை மறந்துபோனால் இந்தப் பட்டிக்குள் போய்த் தேடுங்கள், பெரும்பாலானவை அங்கே இருக்கும்.

முழுப் பக்கத்தையும் தொடர்ந்து கேட்க, வாய்ஸ்ஓவரில் இரண்டு விரல்களால் மேலே சுண்டினால் தொடக்கத்திலிருந்து, கீழே சுண்டினால் நிற்கும் இடத்திலிருந்து. டாக்பேக்கில் மேற்சொன்ன பட்டியிலிருந்து தொடங்கலாம்.

9. தட்டச்சு

திருத்தும் பெட்டியின் பெயர் கேட்டதும் இருமுறை தட்டினால்தான் விசைப்பலகை வரும். பெயர் கேட்டதே போதும் என்று எழுதத் தொடங்கி, எழுத்து விழவில்லை என்று திகைப்பவர்கள் ஏராளம்.

ஆண்ட்ராய்டில் பல விசைப்பலகைகளில் விரலைத் தடவிக்கொண்டே போய், வேண்டிய எழுத்து கேட்டதும் விரலை எடுத்தால் அது பதிந்துவிடும். இருமுறை தட்ட வேண்டியதில்லை. தவறான எழுத்தின்மேல் விரல் நின்றுவிட்டால் எடுக்காதீர்கள். சரியான எழுத்துக்கு நகர்த்திவிட்டு எடுங்கள். ஐபோனில் தொடக்கத்தில் எழுத்தைக் கண்டுபிடித்து இருமுறை தட்டும் முறைதான் இருக்கும். தொட்டெழுதும் முறைக்கு ரோட்டரில் மாறிக்கொள்ளலாம்.

தமிழில் எழுதுபவர்களுக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. ந, ன இரண்டும் காதுக்கு ஒன்றாகவே கேட்கும். ர, ற இரண்டும் அப்படித்தான், பல குரல்களில் ல, ள இரண்டும் நெருங்கித்தான் ஒலிக்கும். ஒலியை நம்பினால் பிழை நுழையும். உங்கள் விசைப்பலகையில் எந்த எழுத்து எந்த வரிசையில், எதற்குப் பக்கத்தில் என்று இடத்தை வைத்து நினைவில் கொள்ளுங்கள். விசைப்பலகையை அடிக்கடி மாற்றாமலிருப்பதும் இதற்காகத்தான்.

நீளமாக எழுத ஒலிவாங்கிப் பொத்தானை இயக்கிப் பேசிவிடலாம். ஆனால் பேசி முடித்ததும் சொற்கள் என்ற தேர்வை வைத்து ஒருமுறை ஓட்டிக் கேளுங்கள். திருத்த வேண்டிய சொல்லில் சுட்டி நிற்கும், அங்கேயே அழித்து எழுதலாம்.

10. அழைப்புகளும் அறிவிப்புகளும்

அழைப்பு வரும்போது இரண்டு விரல்களால் இருமுறை தட்டினால் எடுக்கும். பேசி முடித்ததும் அதே சைகை துண்டிக்கும். இரண்டு போனிலும் ஒன்றுதான். பாட்டு ஓடும்போது இதே சைகை அதை நிறுத்தும், மறுபடி ஓட்டும்.

அறிவிப்புகளைப் பார்க்க டாக்பேக்கில் ஒரு விரலை வலப்பக்கம் இழுத்துக் கீழே திருப்புங்கள். ஐபோனில் மேல்விளிம்பில் நேரம் காட்டும் வரியைத் தொட்டு, மூன்று விரல்களால் கீழே சுண்டுங்கள்.

11. பெயரில்லாத பொத்தான்கள்

சில செயலிகளில் வெறுமனே பொத்தான் என்று மட்டும் கேட்கும். செயலியை உருவாக்கியவர்கள் பெயர் வைக்க மறந்த பொத்தான் அது. அதைக் குருட்டாம்போக்கில் இயக்குவதற்கு முன் சுற்றியுள்ளவற்றைக் கேளுங்கள். முன்னும் பின்னும் வரும் பெயர்களிலிருந்து ஊகிக்க முடிகிறதா என்று பாருங்கள். பணம், அழைப்பு, அழித்தல் தொடர்பான திரை என்றால் ஊகம் வேண்டாம், யாரையாவது ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

என்னவென்று தெரிந்தபின் நீங்களே பெயர் வைத்துவிடலாம். வாய்ஸ்ஓவரில் அந்தப் பொத்தானில் நின்று இரண்டு விரல்களால் இருமுறை தட்டிப் பிடித்தால் பெயர் எழுதும் பெட்டி வரும். டாக்பேக்கில், பெயரில்லாத பல பொத்தான்களில் நின்று டாக்பேக் பட்டியைத் திறந்தால் பெயர் சேர்க்கும் வசதி இருக்கும்.

12. பிறர் காதும் பிறர் கண்ணும்

கடவுச்சொல் எழுதும்போது ஓர் இயர்போனாவது காதில் இருக்கட்டும். ஒற்றைக் காதில் போதும். மற்ற காது வெளிச்சத்தத்துக்கு வேண்டும். சாலையில் நடக்கும்போது இரண்டு காதையும் அடைப்பது ஆபத்து.

கண்களுக்கு மறைக்கவும் வழி உண்டு. ஐபோனில் மூன்று விரல்களால் மும்முறை தட்டினால் திரைத்திரை விழும்: திரை முழுதும் கறுப்பாகிவிடும், சைகைகள் வழக்கம்போல் இயங்கும். அதே மூன்று விரல்களால் இருமுறை மட்டும் தட்டிவிட்டால் பேச்சு நின்றுவிடும். வாய்ஸ்ஓவர் இறந்துவிட்டது என்று புதியவர்கள் மறுதொடக்கம் செய்வது பெரும்பாலும் இதனால்தான். மறுபடி மூன்று விரல்களால் இருமுறை தட்டுங்கள், குரல் திரும்பும். டாக்பேக்கில் திரையை மறைக்கும் தேர்வு அதன் பட்டிக்குள் இருக்கிறது.

13. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பவர்களுக்கு

கற்பவரின் விரலைப் பிடித்து நகர்த்தாதீர்கள். சைகையின் வேகமும் அழுத்தமும் அவர் கையிலிருந்து வர வேண்டியவை. உங்கள் கையின் மேல் அவர் கையை வைத்துக்கொள்ளச் சொல்லி நீங்கள் சுண்டிக் காட்டலாம், அல்லது அவர் உள்ளங்கையில் அந்தச் சைகையைச் செய்து காட்டலாம். உள்ளங்கைப் பாடம் மிக விரைவில் ஏறுகிறது.

அங்கே இருக்கிறது பாருங்கள், அந்த நீல பொத்தான் என்று சொல்வதில் பயனில்லை. கீழ்வரிசையில் வலப்பக்கம் கடைசி என்று இடத்தைச் சொல்லுங்கள்.

அவர் மாட்டிக்கொண்டால் போனை வாங்கி, திரைவாசிப்பானை அணைத்து, நீங்களே சரிசெய்து, மறுபடி இயக்கிக் கொடுத்துவிடாதீர்கள். திரும்ப வாங்கும்போது போன் எந்தத் திரையில் நிற்கிறது, இடையில் என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது. திரைவாசிப்பான் இயங்கும்போதே, அதே சைகைகளால் நீங்களும் வெளியே வாருங்கள். வரத் தெரியாவிட்டால் நான்காம் பகுதியை அவரோடு சேர்ந்து நீங்களும் பழகுங்கள்.